பதினேழாம் மாடியில் புது வரி

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி.
மின்தூக்கி சில மாடிகளில்தான் நிற்கும்,
இன்று எதிலும் இல்லை.
இடுப்பில் தொங்கும் குட்டி அச்சுப்பொறி
படிக்கொரு தரம் தொடையில் தட்டுகிறது.
மீட்டர் வாசிப்பது என் வேலை.
எண்ணைப் பார்ப்பேன், பொத்தானை அழுத்துவேன்,
கருவி நாக்கை நீட்டும்,
கிழித்துக் கதவிடுக்கில் செருகுவேன்.
பதினொரு வருஷம்.
நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.

இந்த மாதம் பில்லில் ஒரு வரி கூடியிருக்கிறது.
மொத்தத்துக்கு மேலே, பொடி எழுத்தில்:
கரிம வரி.
எழுதுகிற வரிக்கும் கட்டுகிற வரிக்கும்
தமிழில் ஒரே சொல் என்று
கக் ரொஹானாவிடம் சொன்னேன்.
"சாமாலா" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

முந்நூறு யூனிட்டுக்குக் கீழே எரித்தால் கிடையாதாம்.
ஏழைகளைத் தொடாது என்று
வானொலியில் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.
பொய்யில்லை. அவர் கணக்கு சரி.
நானும் கணக்கில் பிழைப்பவள்தான்.

ஐந்தாம் வீடு: இரண்டு யூனிட்.
ஆறாம் வீடு: இரண்டு.
எட்டாம் வீடு: பூஜ்யம்.
ஆளில்லையோ என்று தட்டினேன்.
சற்குணம் திறந்தார், முதுகில் பனியன் ஒட்டியிருந்தது.
அவருடைய குளிர்பெட்டி அகலத் திறந்து கிடந்தது.
உள்ளே மடித்த சட்டைகள்.
முட்டைக் குழிகளில் பொத்தானும் சில்லறையும்.
கேஸ் தோம்பு விலை ஏறிய வாரத்திலிருந்து
நடைபாதையில் அடுப்புக்கரி.
கரிக்கு வரி போட்டார்கள்,
அதற்குத் தப்பக் கரியை எரிக்கிறார்.
சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமல் வந்தது.
நான் தரையைப் பார்த்தேன்.
ஆரஞ்சு வயர் ஒன்று
அவர் ஜன்னலிலிருந்து பக்கத்து ஜன்னலுக்குப் போயிருந்தது.

ஏழாம் வீடு: நானூற்றுப் பன்னிரண்டு.
ரொஹானாவின் குளிர்பெட்டி
மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.
மேல்தட்டில் சற்குணத்தின் இன்சுலின், பெயர் எழுதி.
ஆ லெங்கின் கெம்போங் மீன்.
லோகாம்பிகை, பாயான் லெப்பாஸ் ஆலைக்கு
இரவு வேலைக்குப் போகுமுன் பிழிந்து வைத்த பால்,
மூன்று பொட்டலம், தேதியோடு.
அவளுடைய மூத்தவன் அடுப்படியில் உட்கார்ந்து
மூச்சுக் கருவியை முகத்தில் பொத்தியிருந்தான்.
யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை.

நாலு வீட்டுக்கும் சேர்த்து நானூற்றுப் பதினாறு.
வகுத்தால் வீட்டுக்கு நூற்று நாலு.
இந்தத் தீவில் இவ்வளவு குறைவாய்ப் புகைவிடும்
குடித்தனம் வேறெங்கே இருக்கிறது?
என் கருவியில் வகுத்தலுக்குப் பொத்தான் இல்லை.

கட்டிய வரியில் பாதி திரும்பி வருமாம்,
வீட்டுச் சொந்தக்காரர் பெயரில்.
சொந்தக்காரர் பெர்த்தில் இருக்கிறார்.

கடல் ஏறுவது பொய்யென்று நான் சொல்லமாட்டேன்.
போன ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீரில்
இந்தக் கருவியைத் தலையில் வைத்து நடந்தவள்.
கூரைக்கு அடியிலிருக்கும் இந்த மாடி
வருஷத்துக்கு வருஷம் கூடுதலாய் வேகிறது,
அதையும் என் சட்டைதான் அளக்கிறது.
யாராவது எதையாவது செய்யத்தான் வேண்டும்.
ஆனால் நாளை எனக்கு குர்னி டிரைவில் வேலை.
அங்கே ஒரு வீடு, மூவாயிரம் யூனிட்,
ஆளே இல்லை,
ஒயினுக்கு மட்டும் குளிர் ஓடிக்கொண்டிருக்கிறது.
பில்லை அவர்கள் வாசிப்பதில்லை.
வங்கி வாசிக்கிறது.

பொத்தானை அழுத்தினேன்.
ரொஹானா தாளை வாங்கி ஒருதரம் பார்த்தாள்,
கரியடுப்பிலிருந்து சற்குணம் தூக்கி வந்த கெண்டிக்கு
அடியில் போட்டாள், மேசை சுடாதிருக்க.
சூடு பட்டால் கறுக்கும் தாள் அது.
தேநீர் ஊற்றி முடிப்பதற்குள்
அவள் பெயர், யூனிட், தொகை,
புது வரி, பழைய வரி,
எல்லாம் ஒரே கறுப்பு வட்டம்.

அடுத்த மாதம் இன்னொரு தாள் தருவேன்.
அது அவளுக்கும் தெரியும்.
குவளையை என் பக்கம் தள்ளினாள்.
குடித்தேன், சுட்டது.

இன்னும் பதினாறு மாடி.